நக்கித் துடைத்த கிண்ணம் சுத்தமான கிண்ணமன்று: நாய், பூனைப் பாத்திரங்களைக் கழுவும் முறை

எங்கள் வீட்டு நாய் கோழிச் சோற்றைத் தின்று முடித்தபின் எவர்சில்வர் கிண்ணத்தை நக்குகிற நக்கில் அதில் முகம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பளபளப்பை நம்பி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அலசிக் கவிழ்த்து வைப்பதே நெடுநாள் எங்கள் வழக்கமாக இருந்தது. ஒரு நாள், கிண்ணம் தரையில் வழுக்காமல் இருப்பதற்காக அதன் அடியில் மாட்டியிருந்த கறுப்பு ரப்பர் வளையத்தை ஏதோ நினைப்பில் கழற்றினேன். அதன் உட்பள்ளத்தில் ஊறி நொதித்த சோற்றுப் பருக்கைகளும் கரும்பூஞ்சைப் புள்ளிகளும் செத்த எறும்புகளும் வளையம் முழுக்க அப்பிக் கிடந்தன. வாடையோ மூக்கருகே கொண்டுபோகும்படியாக இல்லை. அன்றுதான் கிண்ணம் கழுவுவதை ஒரு வேலையாக மதித்துச் செய்யத் தொடங்கினேன்.

நாயோ பூனையோ நக்கித் துடைத்த பாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி உணவு எதுவும் மிஞ்சுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உமிழ்நீரும் கொழுப்பும் மாவுப்பொருளும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று அதன்மேல் தங்கிவிடுகிறது. நம் ஊர் வெக்கையில் பாக்டீரியா பெருகுவதற்கு அதற்குமேல் வேறொன்றும் வேண்டியதில்லை. இதை அறிந்துகொள்ள எந்தக் கருவியும் தேவையில்லை. இரண்டு மூன்று நாள் தேய்க்காமல் விட்ட தண்ணீர்க் கிண்ணத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். வாய்க்கால் படிக்கட்டில் கால் வைத்ததுபோல் வழுக்கும். அந்த வழுவழுப்புதான் பயோஃபிலிம் என்று சொல்லப்படும் நுண்ணுயிர்ப் படலம். பாக்டீரியாக்கள் பாத்திரத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. சில வீடுகளில் அது இளஞ்சிவப்பு நிறத்தில் படியும். செராஷியா என்னும் பாக்டீரியாவின் நிறமாகப் பெரும்பாலும் அது இருக்கும். இந்தப் பசை இருக்கும்வரை, மேலே ஊற்றும் தண்ணீரும் சோப்பும் உள்ளே இருப்பவற்றைச் சரியாகச் சென்றடைவதில்லை. ஆகவே அலசுவதால் பயனில்லை. தேய்த்தே அதை அகற்ற வேண்டும். பின்வரும் முறை முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அமெரிக்காவில் என்எஸ்எஃப் என்னும் தர நிறுவனம் 2011இல் 22 குடும்பங்களின் வீடுகளில் அன்றாடம் புழங்கும் 30 பொருள்களைச் சோதித்தபோது, கிருமிகள் மிகுந்த பொருள்களின் வரிசையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு முதலிடத்திலும், சமையலறைத் தொட்டி இரண்டாமிடத்திலும், பல் தூரிகை வைக்கும் குவளை மூன்றாமிடத்திலும், செல்லப்பிராணியின் கிண்ணம் நான்காமிடத்திலும் வந்தன. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 417 நாய் வளர்ப்போரிடம் கேட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், கிண்ணத்தை நாள்தோறும் கழுவுவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 12 பேர்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறைகூடக் கழுவாதவர்கள் 18 பேர். நம் வீடுகளில் நிலைமை இதைவிட மேல் என்றே நினைக்கிறேன், ஏனெனில் எச்சில் பாத்திரத்தை அப்படியே விட்டுவைக்க நம் கை கூசும். ஆயினும் நாம் கழுவுவதாக நினைத்துச் செய்வது பல நேரங்களில் வெறும் அலசலே.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பவர்களுக்கு விடை, உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சோறு, வேகவைத்த கோழி, மீன், முட்டை, தயிர், டப்பாவில் வரும் ஈர உணவு ஆகியவற்றைப் போட்டால் ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் கழுவ வேண்டும். சோற்றைப் பலர் தீங்கற்றது என்று நினைக்கிறார்கள். ஆனால் அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் கொதியையும் தாங்கி உயிரோடிருந்து, அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடக்கும் ஈரச் சோற்றில் முளைத்துப் பெருகக்கூடியவை. எனவே நாய் தின்னாமல் விட்டதை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. கோடையில் நான் ஒரு மணி நேரத்துக்குமேல் விடுவதில்லை. உலர் தீவனம் மட்டும் போடுகிறவர்களும் நாளுக்கு ஒருமுறையாவது கழுவத்தான் வேண்டும். உலர்ந்த தீவனம் பாதுகாப்பானது என்னும் நம்பிக்கைக்கு 2012இல் ஓர் அடி விழுந்தது: அமெரிக்காவில் ஓர் ஆலையில் தயாரான உலர் நாய்த் தீவனத்தின் வழியாகச் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா பரவி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 49 மனிதர்கள் நோயுற்றார்கள். தின்றது நாய், வயிற்றுப்போக்கு கண்டது மனிதர். இடையே தீவனத்தை அள்ளிய கையும் கழுவாத கிண்ணமும் இருந்திருக்கலாம். சால்மொனெல்லா தொற்றிய நாய் எந்த நோய்க்குறியும் காட்டாமல் நன்றாகவே இருக்கக்கூடும் என்பதால், நாய் திடமாக இருக்கிறது என்பதை வைத்துக் கிண்ணத்தை எடைபோட முடியாது. தவழும் குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவரோ, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ இருக்கும் வீட்டில் இதில் சலுகையே கூடாது. தவழும் குழந்தையின் கைக்கு முதலில் எட்டுவது தரையில் இருக்கும் அந்தக் கிண்ணம்தான்.

தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் எல்லாரும் மறக்கிறோம். குறைந்த இடத்தில் புதிய தண்ணீரை ஊற்றி நிரப்புவது கழுவுவதாகாது. நாள்தோறும் பழைய தண்ணீரைக் கொட்டி, சோப்பிட்டுத் தேய்த்து, அதன் பிறகே நிரப்ப வேண்டும்.

இனி, கழுவும் முறை.

முதலில் ஒட்டியிருப்பதை வழித்துக் குப்பையில் போடுங்கள். தொட்டித் துவாரத்தில் தள்ள வேண்டாம். அடுத்து, சாதாரணத் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீரை ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. முட்டை, பால், இறைச்சிச் சாறு ஆகியவற்றிலுள்ள புரதம் சூடு பட்டதும் உறைந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாணலியில் முட்டை பிடிப்பதுபோலத்தான். புரதம் போன பிறகு, கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு தேய்க்கத் தொடங்குங்கள். கோழித் தோலின் கொழுப்பும் மீன் எண்ணெயும் பச்சைத் தண்ணீரில் எளிதில் இளகுவதில்லை; வெதுவெதுப்பும் சோப்பும் சேர்ந்தால்தான் பிசுக்கு கழலும். மத்தி போட்ட பூனைக் கிண்ணத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேய்ப்பதில் வரிசை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. உட்பக்கத்தின் அடி மட்டம், அடியும் சுவரும் சேரும் வளைவு, உட்சுவர், விளிம்பின் மடிப்பு, பிறகு வெளிப்பக்கம், கடைசியாக அடிப்பாகம். மலிவான எவர்சில்வர் கிண்ணங்களில் விளிம்பைச் சுருட்டி மடித்திருப்பார்கள். அந்தச் சுருளுக்குள் தண்ணீரும் எச்சிலும் போய்த் தங்கும். பழைய பல் தூரிகை ஒன்றை இதற்கென்று வைத்துக்கொண்டால் அந்த இடத்தை எட்டிவிடலாம். ரப்பர் வளையத்தை வாரம் இருமுறை கழற்றி, வளையத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் தனித்தனியே தேய்த்து, இரண்டும் முற்றிலும் காய்ந்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும். கழற்ற முடியாதபடி ஒட்டிய ரப்பர் அடியுள்ள கிண்ணத்தை வாங்காமல் இருப்பதே மேல். அவசரமாக விழுங்கும் நாய்களுக்கென்று மேடு பள்ளம் வைத்து வரும் கிண்ணங்களைக் கழுவுவது தனிப் பாடு. பத்து நிமிடம் வெந்நீர் சோப்பில் ஊறப்போட்டு, பாட்டில் கழுவும் தூரிகையால் ஒவ்வொரு பள்ளமாகப் போக வேண்டும். பூனைகளுக்கான மின்சார நீரூற்று வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை பம்பையும் பிரித்துக் கழுவாவிட்டால், வழுவழுப்பு அங்கேதான் முதலில் குடியேறும்.

எதைக் கொண்டு தேய்ப்பது என்பதில் வீட்டுக்கு வீடு வாக்குவாதம் உண்டு. மேற்சொன்ன 2011 சோதனையில் முதலிடம் பிடித்ததே ஸ்பாஞ்சுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்: நாள்முழுதும் ஈரம் உலராத ஸ்பாஞ்சால் தேய்ப்பது அழுக்கை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் பூசுவதாகும். சீக்கிரம் காயக்கூடிய நைலான் தூரிகையோ, மாதத்துக்கு ஒன்றாக மாற்றத்தக்க பீர்க்கங்காய் நாரோ, தேங்காய் நாரோ போதும். கம்பி நாரும் கரகரப்பான தேய்ப்புப் பொடியும் எவர்சில்வரில் கீறல் விடும், பிளாஸ்டிக்கிலோ உழுதே விடும். எதுவாயினும் அது பிராணியின் பாத்திரத்துக்கென்று தனியாக இருக்க வேண்டும். நம் தட்டைத் தேய்க்கும் நாரோடு ஒரே டப்பாவில் ஊறக்கூடாது. இடமும் அப்படியே. கொல்லைக் குழாய் இருந்தால் அங்கே கழுவலாம். அடுக்குமாடி வீட்டில் சமையலறைத் தொட்டி ஒன்றுதான் என்றால், நம் பாத்திரங்களை முதலில் முடித்து, துடைத்து, எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் கிண்ணத்தைக் கழுவி, தொட்டியையும் சோப்பிட்டுத் தேய்த்துவிட வேண்டும். காய்கறி நறுக்கிய பலகைக்கு அருகே கிண்ணத்தைக் கழுவித் தெறிக்கவிட்டால் கழுவியதே வினையாகும்.

தேய்த்த பின் ஓடும் தண்ணீரில் நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். விரலால் தடவினால் கிறீச்சென்று ஒலிக்க வேண்டும். வழுக்கினால் இன்னும் சோப்போ படலமோ இருக்கிறது என்று பொருள். மிச்சமிருக்கும் சோப்பு பிராணியின் வயிற்றைக் கெடுக்கும். பூனை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: சோப்பின் எலுமிச்சை மணம் பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. நன்றாகத் தின்றுகொண்டிருந்த பூனை திடீரென்று கிண்ணத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போனால், மருத்துவரிடம் ஓடுமுன் சோப்பை மாற்றினீர்களா என்று ஒரு நொடி யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு வெந்நீர். வட கரோலினா ஆய்வில், கிண்ணத்தைப் பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ கழுவியவர்களைவிட, 71 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெந்நீரிலோ பாத்திரம் கழுவும் இயந்திரத்திலோ கழுவியவர்களின் கிண்ணங்களில் பாக்டீரியா வெகுவாகக் குறைந்திருந்தது. வீட்டு கீசரிலிருந்து வரும் தண்ணீர் பொதுவாக அந்தச் சூட்டை எட்டுவதில்லை, எட்டினால் கையும் தாங்காது. ஆகவே அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கழுவிய கிண்ணத்தைத் தொட்டியில் வைத்து, விளிம்புவரை நிரப்பி, ஐந்து நிமிடம் விட்டு, இடுக்கியால் பிடித்துக் கொட்டுவதே வசதி. எவர்சில்வருக்கு இதைத் தாராளமாகச் செய்யலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும், மலிவான பிளாஸ்டிக் வளைந்துபோகும். ஒவ்வொரு வேளையும் இதைச் செய்யச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தினமும் ஒருமுறை, இரவில், போதுமானது.

கழுவியதைக் காயவைப்பதில் பாதி வேலை அடங்கியிருக்கிறது. கவிழ்த்து வைத்தால் உள்ளே நீராவி அடைந்துபோகும் சமதளத்தில் அல்லாமல், காற்று புகும்படி கம்பித் தாங்கியில் சாய்த்து வையுங்கள். சமையலறைத் துணியால் துடைக்க வேண்டாம். அந்தத் துணியில் இருப்பது மறுபடி கிண்ணத்துக்கு வந்து சேரும். மாடியிலோ பால்கனியிலோ வெயில் விழும் இடம் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. மழைக்காலத்தில் ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் இடையில் காயாது என்பதால், ஒரு பிராணிக்கு இரண்டு ஜோடிக் கிண்ணங்களை வாங்கி மாற்றி மாற்றிப் புழங்குவது செலவுக்கேற்ற பயன் தரும். எல்லாம் முடிந்தபின் உங்கள் கையைச் சோப்பிட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுங்கள். தீவனத்தைக் கிண்ணத்தாலேயே மூட்டைக்குள் விட்டு அள்ளும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். எச்சில் பட்ட பாத்திரம் மூட்டை முழுவதையும் கெடுக்கும். அள்ளுவதற்குத் தனிக் கரண்டி வேண்டும், அந்தக் கரண்டியையும் கழுவ வேண்டும்.

கிருமிநாசினி வேண்டுமா என்ற கேள்விக்கு, வழக்கமான நாள்களில் வேண்டியதில்லை என்பேன். மஞ்சள் தூள், வேப்பிலைத் தண்ணீர், வினிகர் எல்லாம் கெடுதல் செய்யாவிட்டாலும் சோப்பும் தேய்ப்பும் செய்யும் வேலையைச் செய்யமாட்டா. வினிகருக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் உண்மையான பயன் வேறு ஒன்று உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடுகளில் தண்ணீர்க் கிண்ணத்தின் சுவரில் வெள்ளையாக உப்புக் கறை படியும். சுண்ணாம்புச் சத்தாலான அந்தச் சொரசொரப்பில் வழுவழுப்புப் படலம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வினிகரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் அது கரைந்து, தேய்த்ததும் வந்துவிடும். பிறகு சோப்பிட்டுக் கழுவி, வாடை போக அலச வேண்டும்.

பினாயில், தரை துடைக்கும் திரவம், தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினி ஆகிய மூன்றையும் உணவுக் கிண்ணத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். இவற்றில் சிலவற்றில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சில தரைத் திரவங்களை நக்கிய பூனைகளுக்கு நாக்கிலும் வாயிலும் புண் வருவதும் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்ததே. கிண்ணத்தைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு கிழிப்பதும் வேண்டாம். அதில் பூச்சிக்கொல்லி இருக்கிறது. எறும்புக்கு நம் பாட்டிகள் செய்த உபாயமே உத்தமம்: அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே கிண்ணத்தை வைத்தால் எறும்பு அணுகாது.

வீட்டில் பிராணிக்கோ மனிதருக்கோ வயிற்றுப்போக்கு இருந்தாலோ, பச்சை இறைச்சி கொடுத்தாலோ, கிருமிநாசினி தேவைப்படலாம். வெள்ளைத் துணிக்குப் போடும், மணம் சேர்க்காத, சுமார் 5 விழுக்காடு வலுவுள்ள பிளீச் திரவத்தை 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, என்ற அளவில் கலந்து, ஏற்கெனவே சோப்பிட்டுக் கழுவிய கிண்ணத்தை அதில் சில நிமிடம் முக்கி வைத்து, நன்றாக அலசி, காற்றில் உலரவிட வேண்டும். அழுக்கோடு இருக்கும் பாத்திரத்தில் பிளீச் தன் வலுவை இழந்துவிடும் என்பதால் கழுவாமல் முக்குவதில் பொருளில்லை. நாய்க்குட்டிக்குப் பார்வோ என்னும் கடுமையான வைரஸ் நோய் வந்துவிட்டால் மட்டும் கணக்கு வேறு. அந்த வைரஸ் சோப்புக்கோ ஆல்கஹாலுக்கோ அசையாது, மாதக்கணக்கில் சூழலில் பிழைத்திருக்கும்; ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் சேர்த்த கரைசலில் 10 நிமிடம் கிடந்தால் அழியும். அந்த நேரத்துக்குமேல் எவர்சில்வரை ஊறவிட்டால் துருப்புள்ளி வரலாம். வினிகரை விட்ட பாத்திரத்தில் பிளீச்சை ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். கதவு சன்னலைத் திறந்துவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, பிராணியையும் குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

எந்தப் பொருளால் ஆன கிண்ணம் என்பது பாதிக் கழுவலைத் தீர்மானித்துவிடுகிறது. கனமான எவர்சில்வரே என் தேர்வு. பீங்கான் நல்லதுதான், மெருகில் கீறலோ விரிசலோ விழாதவரை. பிளாஸ்டிக்கில் பல்லும் நாரும் போட்ட நுண்கீறல்களுக்குள் எந்த நாரும் புகாது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் தின்னும் சில பூனைகளுக்கு மோவாயில் கரும்புள்ளிகளாகப் பரு வருவதும், பாத்திரத்தை மாற்றியதும் தணிவதும் உண்டு. ஊர்ப்பக்கம் நாய்க்குக் கொட்டாங்கச்சியில் சோறு வைத்து, பழையதானதும் அடுப்பில் போட்டுவிடுவார்கள். ஐந்து வருடமாகக் கீறல் விழுந்து மங்கிப்போன பிளாஸ்டிக் கிண்ணத்தைவிட அது எவ்வளவோ மேல். நகத்தால் வருடும்போது கீறல் தட்டுப்பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கைத் தூக்கிப்போட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வாசலில் தெரு நாய்க்கும் மாடியில் பறவைக்கும் தண்ணீர் வைப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இரவில் மிச்சச் சோற்றோடு வெளியே கிடக்கும் கிண்ணத்துக்கு எலி வரும். எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா இருக்கலாம், அது நாய்க்கும் நமக்கும் எலிக்காய்ச்சலைத் தரும், மழைக்கால ஈரத்தில் நீண்ட நாள் உயிரோடும் இருக்கும். காய்ந்த பரப்பில் அது பிழைப்பதில்லை. எனவே பொழுது சாய்ந்ததும் கிண்ணத்தை எடுத்து, கையுறை போட்டுக் கழுவி, காயவைத்து, காலையில் மறுபடி வைக்க வேண்டும். மற்றொன்று டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு. அது தண்ணீருக்குள் அன்றி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கிண்ணத்தின் ஈரச் சுவரில் முட்டையை ஒட்டவைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை வெயிலில் காயப்போட்டாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் காத்திருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். மாடியில் வைத்த மண் சட்டியின் சொரசொரப்பான உட்சுவரில் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகளாக அவற்றைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீரை மாற்றும்போது விளிம்பிலிருந்து கீழ்நோக்கிச் சுவர் முழுவதையும் அழுத்தித் தேய்த்து, தேய்த்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வெயில் காயும் தரையில் ஊற்றுங்கள்.